எத்தனை விளக்கு

உத்திரமேரூர்
18-10-1982

அன்புள்ள முத்துவுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி முன்போலத்தான், கூடவுமில்லை, குறையவுமில்லை. உன் இருமல் நின்றதா? கண்ட இடத்தில் எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே.

நீ கேட்டபடி சின்னராசுவிடம் அந்தக் கப்பல் காவல் வேலை பற்றிப் பேசினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டான். ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. நம் கழனியிலேயே இந்தப் பட்டத்துக்கு நடவு கிடையாது என்னும்போது, அதை நம்பி இருக்கும் அவனுக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது? போகட்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒன்று புரியவில்லை. இன்ஜின் போன சரக்குக் கப்பலை உங்கள் டக் என்கிற இழுவைக் கப்பல் கட்டி இழுத்துக்கொண்டு போய் பம்பாயில் உடைக்கிறவர்களிடம் விடப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். தானாக நகர முடியாத கப்பலுக்குக் காவல் எதற்கு? அதை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? விவரமாக எழுது.

அவன் பெண்டாட்டி செங்கேணி நேற்று வந்து வாசலில் நின்றாள். "எத்தினி நாளு ஆவும் டீச்சரம்மா? கார்த்திகை தீபத்துக்கு வூட்டுக்கு வந்துடுவாரா?" என்றாள். வரமாட்டான் என்றேன். பிறகு, "அப்ப தண்ணி மேலயாவது ஏத்தட்டும். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வருசம் தவறினதில்ல" என்றாள். அவன் மூட்டையில் அகல், திரி, ஒரு புட்டி நல்லெண்ணெய் எல்லாம் வைத்துக் கட்டிவிட்டாளாம். "கப்பல்ல வாசப்படி எங்கடி கீது?" என்று அவன் கேட்டதற்கு, "தேடிக் கண்டுபுடி. பின்ன காவக்காரன்னா சும்மாவா?" என்றாளாம். இதை எல்லாம் நான் எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

சின்னராசுவின் அண்ணன் வேதகிரிக்கு இதில் விருப்பம் இல்லை. "முத்து கூட கீறாரு இல்ல, இன்னா பயம்?" என்று சொல்லி இவன் அவர் வாயை அடைத்துவிட்டான். ஆகவே பொறுப்பு உன்னுடையது. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாஞ்சாலி


சென்னை
19-11-1982

முருகன் துணை

வணக்கத்துக்குரிய அக்காவுக்கு முத்துகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. உங்கள் புண்ணியத்தில் இங்கே நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

சின்னராசு வந்ததிலிருந்து எங்கள் எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்கு. கப்பல் கரையில் கட்டிக்கிடக்கும்போதே வாந்தி எடுத்தான். எங்கள் டக்கில் சமையல் செய்கிற ஐசக் ராயபுரத்துக்காரன். "இன்னா தல, கரையில கீறச் சொல்லவே இப்டின்னா நடுக்கடல்ல கொடலையே கக்கிடுவ போல கீதே" என்று இவனை விடுவதில்லை. "நீ சமைக்கறத துன்னா கரையிலயும் அதான், கடல்லயும் அதான்" என்று இவன் திருப்பிக் கொடுக்கிறான். அகலையும் எண்ணெய்ப் புட்டியையும் வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் காட்டி, "எங்கூட்டுக்காரி கட்டிக் குடுத்துக்கிறா" என்று பெருமை வேறு.

நீங்கள் கேட்டதற்குப் பதில். காவல் திருட்டுக்கு இல்லை அக்கா. இழுக்கப்படும் கப்பலின் பெயர் அஞ்சனா. எங்கள் டக் தீரன். தீரனிலிருந்து போகிற எஃகு வடம் அஞ்சனாவின் முகப்பில் மாட்டியிருக்கும். அது உராய்ந்து தேயாமல் கிரீஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடித்தளத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகச் சின்னராசுவோடு நான்கு பேர் அஞ்சனாவில் இருப்பார்கள். அதில் கரண்ட் கிடையாது, வயர்லெஸ் கிடையாது. முகப்பில் ராந்தல் மாட்டுவார்கள். ஒரு விளக்கு எரிந்தால் எல்லாம் சரி. இரண்டு எரிந்தால் தண்ணீர் ஏறிவிட்டது, எங்களை வந்து எடுத்துக்கொள் என்று அர்த்தம். வடம் மாட்டியிருக்கும்போது நாங்கள் திரும்பிப் பக்கத்தில் போக முடியாது. வடத்தை விட்டால்தான் போக முடியும். அதனால் இரண்டாவது விளக்கை யாரும் சும்மா ஏற்ற மாட்டார்கள்.

பின்பக்கம் நின்று அந்த விளக்கைப் பார்ப்பது என் வேலை. ஆகவே சின்னராசு பம்பாய் போய்ச் சேரும்வரை என் கண்ணிலேயேதான் இருப்பான் என்று செங்கேணியிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை புறப்படுகிறோம். வேதகிரி அண்ணனுக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி
முத்துகிருஷ்ணன்


உத்திரமேரூர்
8-12-1982

அன்புள்ள முத்துவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று கம்பெனியின் தந்தியில் இருந்தது. உன் கையெழுத்தில் இன்னும் வரவில்லை. நான் இருக்கிறேன்.

தந்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஏழாம் வகுப்பில் இருந்தேன். இங்கிலீஷில் இரண்டு வரி. செவ்வாய்க்கிழமை மாலை, இலங்கைக்குத் தெற்கே, புயலில் அஞ்சனா நான்கு பேருடன் மூழ்கியது, தீரன் பத்திரம். அதை மடித்து வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை பாடம் நடத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே.

செங்கேணி வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "நாலு பேருன்னா அவரும் சேத்தா?" நான் ஆமாம் என்றேன். புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நானும் கூடவே போனேன்.

வேதகிரி தலையில் அடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டார். "வாணாண்டா வாணாண்டான்னு சொன்னேனே" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து செங்கேணி என்னிடம் வந்தாள். ஒன்று கேட்டு எழுத வேண்டும் என்றாள். "அன்னிக்குதான் தீபம். புயலு வர்றதுக்கு முன்னாடி அவரு வெளக்கு ஏத்தினாரான்னு முத்தண்ணனைக் கேளுங்க" என்றாள். இத்தனை பெரிய விஷயம் நடந்திருக்கும்போது இதையா கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குச் சொன்ன வாக்குக்காக எழுதுகிறேன். என்ன நடந்தது என்று எழுது. பதிலில் இதையும் ஒரு வரி எழுதிவிடு.

நீ சாப்பிடுகிறாயா?

பாஞ்சாலி


கொச்சி
27-12-1982

முருகன் துணை

அன்புள்ள அக்காவுக்கு முத்துகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அன்று மத்தியானத்திலிருந்தே காற்று மாறிவிட்டது. அலை தீரனின் மேல்தளத்தின் மீது ஏறி இறங்கியது. இருட்டுகிற நேரத்தில் வடம் அறுந்துவிட்டது. நாங்கள் திரும்பிப் போய்த் தேடினோம். மழையில் எதுவும் தெரியவில்லை. இன்ஜின் இல்லாத கப்பல், இழுப்பும் இல்லாமல் போனால் அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிடும். பிறகு நிற்காது. விடிந்தபிறகும் தேடினோம். ஒரு மரப்பெட்டியும் கயிறும் மிதந்தன.

சின்னராசு கடைசி நாள்வரை சந்தோஷமாக இருந்தான். வாந்தி எல்லாம் நின்றுவிட்டது. எங்களைப் பார்த்து முகப்பில் நின்று கையை ஆட்டுவான். வேதகிரி அண்ணனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

ஐசக் உங்களை விசாரித்தான். முழங்காலுக்கு வாங்கிய தைலத்தைத் தபாலில் அனுப்புகிறேன். பொங்கலுக்கு வர இயலாது.

தங்கள் தம்பி
முத்துகிருஷ்ணன்


உத்திரமேரூர்
24-1-1983

அன்புள்ள முத்துவுக்கு,

தைலம் உடையாமல் வந்து சேர்ந்தது. போட்டுக்கொள்கிறேன். வலி அப்படியேதான் இருக்கிறது; உன் தைலத்தின் மேல் குற்றம் இல்லை. நீ இளைத்துவிட்டாய் என்று நினைக்கிறேன். கையெழுத்தே இளைத்திருக்கிறது.

உன் கடிதத்தைச் செங்கேணிக்கும் வேதகிரிக்கும் சேர்த்து வைத்துப் படித்தேன். "உங்க தம்பி சுகமா கீறாரு டீச்சரம்மா. எங்க தம்பி?" என்றார் வேதகிரி.

இங்கே இப்போது ஒரு சங்கடம். உடம்பு கிடைக்காவிட்டாலும் புல்லில் உருவம் செய்துவைத்துக் கருமாதி பண்ணிவிட வேண்டும் என்கிறார் வேதகிரி. சாலவாக்கத்திலிருந்து உறவு எல்லாம் வந்து பேசிவிட்டுப் போனது. செங்கேணி ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்தில் இருப்பதைக் கையால் மூடிக்கொண்டு, "பதிலு வரட்டும்" என்கிறாள். என்ன பதில் என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னதும் ஒரு கிழவி, "இதுக்கா இம்மா நாளா ஒக்காந்துக்கினு கீறா?" என்று சிரித்தே விட்டாள்.

செங்கேணி எனக்கு விளக்கிச் சொன்னாள். அவன் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனானாம். விளக்கு ஏற்றியிருந்தால், அந்த நேரத்தில் அவன் நினைப்பு இந்த வாசலில் இருந்தது. அது போதும், அப்புறம் அவர்கள் என்ன செய்தாலும் சம்மதம். ஏற்றவில்லை என்றால் அவனுக்காக இவள் முதலில் ஏற்றிவிட்டுத்தான் மற்றது. இதில் தர்க்கம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் இருக்கிறது.

நீ எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், இதை விட்டுவிட்டாய். மறந்திருப்பாய். பார்த்தாயா, இல்லையா, ஒரே வரி போதும்.

பாஞ்சாலி


விசாகப்பட்டினம்
2-3-1983

முருகன் துணை

அன்புள்ள அக்காவுக்கு முத்து எழுதிக்கொண்டது. நான் நலம். இங்கே வெயில் அதிகம். கடிதம் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை ஓயவில்லை.

கம்பெனி விசாரணை முடிந்தது. எங்கள் யார்மீதும் தப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வடத்தை விட்டபிறகு திரும்பிப் போவதற்குள் நேரமாகிவிட்டது, அந்த அலையில் யாராலும் அதற்குமேல் செய்திருக்க முடியாது என்று கேப்டனும் சொன்னார்.

பசு கன்று போட்டதா? கோடை உழவுக்கு வேதகிரி அண்ணனையே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்மேல் கோபம் இருந்தாலும் நம் மண்மேல் இருக்காது. சித்திரையிலும் வர முடியாது போல் இருக்கிறது.

தங்கள் தம்பி
முத்துகிருஷ்ணன்


உத்திரமேரூர்
20-3-1983

முத்துவுக்கு,

சுகம். கன்று கிடாரி. நன்றாக இருக்கிறது.

நான் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். நம் ஊர்க் கோயில் சுவர்க் கல்வெட்டில் ஓர் எழுத்து உடைந்திருந்தாலும் அர்த்தம் மாறும் என்று வருஷா வருஷம் அவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். டிசம்பர் கடிதத்தில் நீ "வடம் அறுந்துவிட்டது" என்று எழுதினாய். இந்தக் கடிதத்தில் "வடத்தை விட்டபிறகு" என்று எழுதியிருக்கிறாய். அறுந்தது வேறு, விட்டது வேறு. அறுந்ததற்கு ஆள் வேண்டாம்.

நான் மட்டும் கவனிக்கவில்லை. வாலாஜாபாத் சுப்பிரமணி துறைமுகத்தில் வேலை பார்க்கிறான் இல்லையா, அவன் லீவில் வந்தபோது வேதகிரியிடம், "அறுந்துச்சா? யாரு சொன்னது? அவுத்து வுட்டாங்க. தொறைமொகம் பூரா தெரியும்" என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை வேதகிரி நம் ஏரைக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டகையில் சாத்திவிட்டு, "டீச்சரம்மா, வேற ஆளைப் பாத்துக்கங்க. கயித்த வுட்டவங்க கழனியில நான் ஏர் புடிக்க மாட்டேன்" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. உன் உயிருக்குப் பயந்து நீ அவிழ்த்துவிட்டாய் என்று இப்போது ஊரில் பேச்சு. அதனால்தான் நீ ஊருக்கு வரவில்லை என்கிறார்கள். நீ வராமல் இருப்பதால் எனக்கும் மறுத்துச் சொல்ல வழியில்லை.

யார் விட்டது? எதற்காக விட்டது? நான் உன்னை நியாயம் விசாரிக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

செங்கேணி இந்தப் பேச்சில் எதிலும் சேரவில்லை. போகும்போதும் வரும்போதும், "அந்தப் பதிலு வந்துச்சா டீச்சரம்மா?" என்று மட்டும் கேட்கிறாள்.

பாஞ்சாலி


உத்திரமேரூர்
11-7-1983

அன்புள்ள முத்துவுக்கு,

இந்தக் கடிதம் உன்னைச் சுகமான உடம்போடு பார்க்கட்டும். நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்பதையே ஐசக் போட்ட கார்டிலிருந்து தெரிந்துகொண்டேன். "அண்ணன் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள்" என்று எழுதியிருந்தான்.

நேற்று உன் பழைய கடிதங்களை வரிசையாக எடுத்துப் படித்தேன். புறப்படுவதற்கு முன் நவம்பரில் எழுதியதில், காவலுக்கு ஆள் எதற்கு என்ற என் கேள்விக்கு விவரமாகப் பதில் எழுதியிருந்தாய். ஒரு விளக்கு என்றால் சரி. இரண்டு விளக்கு என்றால் வடத்தை விட்டுவிட்டு வா.

ஏழு மாதமாகச் செங்கேணிக்காக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி என்ன என்பது நேற்றுதான் எனக்குப் புரிந்தது. அவள் விளக்கு ஏற்றினாரா என்று கேட்டாள். அது உன்னிடம் வந்து சேரும்போது வேறு கேள்வியாகிவிட்டது. விளக்கு என்றாலே அசட்டை என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை.

இனி அவளுக்காக அல்ல, எனக்காகக் கேட்கிறேன். எழுது. எழுதுவதை அவளுக்குப் படித்துக்காட்ட மாட்டேன்.

அக்கா


பம்பாய்
2-9-1983

அக்காவுக்கு முத்து எழுதிக்கொண்டது. சுகம் விசாரித்து எழுதக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்று சாயங்காலம் நான் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மழை ஊசி மாதிரி முகத்தில் குத்தியது. அஞ்சனா அலையில் இறங்கும்போது மறையும், ஏறும்போது தெரியும். முகப்பில் ஒரு விளக்கு. இருட்டுகிற நேரத்தில் ஒரு தடவை ஏறியபோது பக்கத்தில் இன்னொரு விளக்கு தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மறுபடி ஏறியபோதும் தெரிந்தது. அது சின்னதாக இருந்தது. சாரலில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன்.

கேப்டனுக்குக் குரல் கொடுத்தேன். அவர் மேலேயிருந்து, ஒன்றா இரண்டா, நிச்சயமாகச் சொல் என்று கத்தினார். இரண்டு என்றேன். நான் சொன்னது பொய் இல்லை அக்கா. இரண்டுதான் இருந்தது. அவர் விடச் சொன்னார். வடத்தின் கொக்கியைத் தட்டிவிட்டது நான்தான். அவர்களைக் காப்பாற்றத்தான் விட்டோம். எங்கள் உயிருக்குப் பயந்து இல்லை. தீரனைத் திருப்புவதற்குள் அஞ்சனா குறுக்காகிவிட்டது. ஒரு தடவை விளக்கு பக்கவாட்டில் சாய்ந்து தெரிந்தது. பிறகு மழைதான் தெரிந்தது.

விடிந்தது. ஐசக் ஒரு டின்னைத் திறந்து பொரி உருண்டை கொண்டுவந்தான். முந்தின நாளே பிடித்து வைத்திருந்தானாம். "நேத்து ஒங்க தீபம். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. சர்ச்சுக்குப் போறவன் நான் ஒங்களுக்காவ உருண்டை புடிச்சிக்கினு கீறேன். ரெண்டு வாயில போட்டுக்கோ, ராத்திரியெல்லாம் ஒண்ணும் துன்னல" என்றான். அப்போதுதான் எனக்கு நாள் தெரிந்தது. கடலில் எங்களுக்குக் கிழமை தெரியும், பண்டிகை தெரியாது. சின்னராசு எல்லோரிடமும் காட்டிய அகல் ஞாபகம் வந்தது. உருண்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

நாள் ஞாபகம் இருந்திருந்தால், பொறுங்கள், அது தீப விளக்காக இருக்கும் என்று கேப்டனிடம் சொல்லியிருப்பேன். ஐசக் அந்த உருண்டையை முதல் நாளே கொடுத்திருந்தால் போதும்.

அறுந்தது என்று எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கம்பெனி ரிப்போர்ட்டில் விட்டோம் என்றுதான் இருக்கிறது. நான்தான் உங்களுக்கு மாற்றி எழுதினேன். விட்டோம் என்றால் ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்பதற்குப் பதில் செங்கேணி கட்டிக்கொடுத்த மூட்டையில் போய் நிற்கும். விளக்கு ஏற்றினானா என்று அவள் கேட்கிறாள். ஏற்றினான், அதனால்தான் போனான் என்று நான் எழுதட்டுமா? அதற்குப் பதில், உயிருக்குப் பயந்து அவிழ்த்துவிட்டவன் என்று ஊர் என்னைச் சொல்லிக்கொண்டு போகட்டும்.

முத்து


உத்திரமேரூர்
16-10-1983

அன்புள்ள முத்துவுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீ எழுதியதை மூன்று தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். சொன்ன வாக்குப்படி யாருக்கும் காட்டவில்லை.

ஏற்றினான் என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு செங்கேணியின் வீட்டுக்குப் போனேன். முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், மூட்டையில் என்னவெல்லாம் வைத்தாய் என்று கேட்டேன். சொன்னாள். அகல் ஒன்றா என்றேன். முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணா? ரெண்டு குடுத்தேன் டீச்சரம்மா. வாசப்படின்னா ரெண்டு பக்கமும் வேணாமா? ஒத்த வெளக்கு எழவு வூட்லதான் வெப்பாங்க. ரெண்டையும் ஏத்து, ஒண்ண மட்டும் ஏத்தாதன்னு பஸ்ஸு கெளம்பற வரிக்கும் சொல்லிக்கினே வந்தேன்."

போன அக்டோபரில் நான் "அகல்" என்று எழுதினேன். நீயும் "அகல்" என்று எழுதினாய். ஒன்றா இரண்டா என்று நான் கேட்கவில்லை. நம் பேச்சில் அது ஒன்றுக்கும் பொருந்தும், பத்துக்கும் பொருந்தும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கட்டிக் கொடுத்தாளாம், பார்த்த உனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்; நாம் இருவரும் ஒன்று என்று எடுத்துக்கொண்டோம்.

இப்போது நீ கணக்குப் பார். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஏற்றியிருந்தால் அகல் இரண்டு, ராந்தல் ஒன்று, ஆக மூன்று. நீ பார்த்தது இரண்டு. ஓர் அகல் காற்றில் அணைந்திருக்கலாம். ராந்தல் அணைந்து அகல் இரண்டும் நின்றிருக்கலாம். அல்லது அகலே ஏற்றாமல், உண்மையாகவே தண்ணீர் ஏறி, அவர்கள் இரண்டாவது ராந்தலை மாட்டியிருக்கலாம். அதைப் பார்த்து நீ செய்தது செய்ய வேண்டியதே. சின்னதாகத் தெரிந்தது என்கிறாய். சாரல் என்றும் நீயே சொல்கிறாய். இதில் எது என்று தெரிந்தவர்கள் அந்த நான்கு பேர்.

உன்னை ஆறுதல்படுத்த நான் இதை எழுதவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. சின்னராசுவின் விளக்குதான் என்று இருந்தாலும் இருக்கலாம். ஆனால் நீ ஓர் ஊகத்தைத் தீர்ப்பாக எழுதி வைத்துக்கொண்டு, அதற்குத் தண்டனையும் போட்டுக்கொண்டு, ஊருக்கு வராமல் இருக்கிறாய். தெரியாததைத் தெரியாததாகவே சுமக்க வேண்டும். அது இதைவிடக் கடினம் என்றுதான் நினைக்கிறேன்.

இதை எல்லாம் யோசித்துக்கொண்டு நான் நின்றிருந்தபோது செங்கேணி, "பதிலு வந்துச்சா?" என்றாள். ஏற்றினார் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அது எனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். தெரியாததைத் தெரிந்ததாக வகுப்பில்கூடச் சொன்னதில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "முத்தண்ணன் பாத்தாரா?" என்றாள். பார்த்தான் என்றேன். அதுவாவது உண்மை. "அப்ப அவரு வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. இந்தப் பத்து மாதத்தில் இன்றுதான் கேட்டேன்.

அவள் சொல்லி நான் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் எழுத மறுத்தேன். அவள் விடவில்லை.

பாஞ்சாலி


உத்திரமேரூர்
16-10-1983

முத்தண்ணனுக்கு செங்கேணி சொல்லி டீச்சரம்மா எழுதறது. நான் சொல்றாப்பலயே எழுதணும், படிப்பு பாஷையில மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

நான் நல்லா கீறேன். நீங்க சரியா சாப்பிடறதில்லன்னு கேள்விப்பட்டேன். சாப்பிடுங்க.

அவரு வெளக்கு ஏத்தினாருன்னு டீச்சரம்மா சொன்னாங்க. எனக்கு மனசு ஆறிடுச்சி. இனிமே செய்யறத செய்ங்கன்னு எங்க மூத்தாரு வேதகிரிகிட்ட சொல்லிட்டேன். ஆனா தீபம் ஆன பொறவுதான். இந்த வருசம் இந்த வூட்டுக்கு பண்டிகை இல்லன்றாரு. இது பண்டிகை இல்ல, அவரு இந்த வாசப்படிக்கு பாக்கி வெச்சது, நான் ஏத்தத்தான் போறேன்னுட்டேன்.

நீங்க தீபத்துக்கு வரணும். மூத்தாரு எதனா சொல்வாருன்னு பயந்துக்கினு ஒக்காராதீங்க. அவரு கத்துவாரு. கத்தி முடிச்சா சோறு துன்ன கூப்புடுவாரு. கயிறு அறுந்துச்சோ அவுத்தாங்களோ, அதெல்லாம் நான் கேக்கல. எங்கூட்டுக்காரர கடைசியா பாத்தது நீங்க ஒருத்தர்தான். வந்து எதுருல ஒக்காந்து சொல்லுங்க. கப்பல்ல எந்த எடத்த வாசப்படின்னு புடிச்சாரு, காத்துல நின்னு எரிஞ்சிச்சா, எத்தினி வெளக்கு ஏத்தினாரு.

கடைசியா சொன்னத எழுத டீச்சரம்மா யோசிக்கிறாங்க. இன்னாத்துக்குன்னு தெரியல. எழுதற வரிக்கும் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு கீறேன்.

செங்கேணி


பம்பாய்
7-11-1983

அன்புள்ள அக்காவுக்கு,

முத்து. உங்கள் கடிதமும் செங்கேணியின் கடிதமும் கிடைத்தன. உடம்பு பரவாயில்லை. முழங்கால் வலியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வர வேண்டாம், நானே வந்துவிடுவேன்.

லீவு கிடைத்துவிட்டது. ரயில் சரியான நேரத்துக்கு வந்தால் தீபத்தன்று மத்தியானம் ஊரில் இருப்பேன். முதலில் வேதகிரி அண்ணன் வீட்டுக்குப் போவேன். அவர் கத்தட்டும்.

நான் வரும்வரை விளக்கு ஏற்ற வேண்டாம் என்று செங்கேணியிடம் சொல்லுங்கள். எத்தனை என்று கேட்டாளே, அதை நானே அவள் எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன். தெரிந்ததையும் சொல்கிறேன், தெரியாததையும் சொல்கிறேன். கேட்டபிறகு அவள் ஏற்றுவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும்.

அகல் மட்டும் இரண்டு வாங்கி வையுங்கள்.

முத்துகிருஷ்ணன்